மூன்று வரை எண்ணச் சொன்னவன்

பாபு,

ஞாயிற்றுக்கிழமை நீ விமானம் ஏறுகிறாய். இன்று வெள்ளி. உன் பெட்டி ஹாலில் திறந்தபடியே கிடக்கிறது; அதைத் தாண்டித்தான் நான் சமையலறைக்கும் வாசலுக்கும் போய் வருகிறேன். வெளிநாடு போகும் பிள்ளைக்கு அப்பன் எழுதும் கடிதத்தில் உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, குளிருக்கு உள்ளே ஒரு பனியன் சேர்த்துப் போடு என்றெல்லாம் இருக்கும். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வேறொன்றைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொன்ன பிறகு பனியனைப் பற்றிப் பேச எனக்கு முகம் இருக்காது, அதனால் பனியனை முதலிலேயே சொல்லி முடித்துவிட்டேன். போன ஜனவரியில் உன் அலுவலகத்தில் ஏழு வயதானவர்களை உட்கார வைத்து உங்கள் ஆப்பைச் சோதித்தீர்களே, அந்த ஏழு பேருக்கும் அதற்கு முந்தின இரண்டு நாளும் நம் வீட்டு ஹாலில் நான் டியூஷன் எடுத்திருந்தேன். "யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலியேப்பா?" என்று நீ கேட்டபோது, "நான் ஏன்டா சொல்லப்போறேன்" என்றேன். அது பொய்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதவில்லை. என்னோடு பார்க்கில் நடக்கும் அந்த ஏழு பேரில் ஆறு பேருக்கும் இதைப் படிக்கக் கொடுக்கப்போகிறேன். அவர்கள் எல்லோரும் இன்னமும் அந்த ஆப்பை நம்பிக்கொண்டிருக்கிறார்கள், தாங்கள் அதில் தேறியவர்கள் என்று வேறு பெருமை. ஏழாவது ஆளான ரமணி டீச்சர் இடுப்பு எலும்பு முறிந்து ஒரு வாரமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உனக்கு மட்டும் எழுதினால் நீ மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவாய் என்ற பயமும் எனக்கு இருக்கிறது. பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படி ஒரு பயம் வரும் என்று நான் நினைத்ததில்லை. அது எப்படி வந்தது என்று போகப்போகச் சொல்கிறேன்.

நீ என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால் ஆரம்பத்தில் எனக்குச் சொல்லத் தெரியாது. "கம்ப்யூட்டர்ல படம் போடறான்" என்று பக்கத்து வீட்டில் சொல்லி உன்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு ஒரு நாள் நீ பொறுமையாக உட்கார்ந்து விளக்கினாய். ஒரு ஆள் திரையைப் பார்க்கிறான், அவன் கை எங்கே போகும், எங்கே தயங்கும், எங்கே தப்பாகத் தொடும், அதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து அவன் யோசிக்காமலே போகும்படி வழி செய்து வைப்பதுதான் உன் வேலை என்றாய். அன்று எனக்கு உன்மேல் வந்த மரியாதையை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. இருபத்தெட்டு வருடம் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் உட்கார்ந்தவனுக்குப் பாராட்ட வராது, குறை சொல்லத்தான் வரும். "சம்பளம் எவ்ளோ ஏத்துவாங்க?" என்று கேட்டு உன் முகத்தைச் சுருங்க வைத்தேன்.

இந்த ஆப்பில் நீ ஏன் போய்ச் சேர்ந்தாய் என்பதும் எனக்குத் தெரியும். உன் அம்மா சமையலறையில் விழுந்த அன்று நீ அலுவலகத்தில், நான் தொழிற்சாலையில். அவள் செல்ஃபோன் படுக்கையறையில் சார்ஜில் கிடந்தது. மூன்று மணி நேரம் அப்படியே கிடந்தாள். அதற்கு முன்னால் எத்தனையோ மாதம் மார்பைத் தடவிக்கொண்டு நிற்பாள், "என்னம்மா?" என்றால் "ஒண்ணுமில்ல" என்பாள். நாம் இருவரும் நம்பினோம், நம்புவது நமக்கு வசதியாக இருந்தது. அவள் போன பிறகு நல்ல இடத்து வேலையை விட்டுவிட்டு, தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு ஆபத்தில் உதவி அழைக்கும் ஆப் செய்யும் கம்பெனிக்குப் போனாய். உறவுக்காரர்கள் ஏன் என்று கேட்டார்கள். நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

முதலில் ஆப்பின் திரையில் இருக்கும் அந்தச் சிவப்பு வட்டத்தை ஒரு தட்டுத் தட்டினால் போதும், அழைப்பு போய்விடும். சட்டைப் பையில் கிடந்தபடியே ஃபோன் தானாக அழைத்துவிடும். ஆம்புலன்ஸ் வந்து நின்றால் கிழவர் காபி குடித்துக்கொண்டிருப்பார். அதனால் மூன்று நொடி விரலை எடுக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று நீ மாற்றினாய். மாற்றிவிட்டு ஐந்து பெரியவர்களை வைத்துச் சோதித்தபோது நான்கு பேர் தட்டித் தட்டி விட்டுவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய். மறுநாள் காலை ஷூ மாட்டிக்கொண்டே, "அடுத்த ரவுண்டும் போச்சுன்னா ப்ராஜெக்ட வேற டீமுக்குக் குடுத்துடுவாங்கப்பா" என்றாய். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஷூவைப் பார்த்துச் சொன்னாய். அந்த ரவுண்டுக்காகத்தான் ஃபோனை ஒரு அதிர்வு அதிரவைத்து, ஒரு பெண் குரலில் "விரலை எடுக்காதீர்கள், இன்னும் கொஞ்சம்" என்று பேசவைத்தாய். அந்த வரியின் தமிழ் சரியா என்று பார்க்கச் சொல்லி என் ஃபோனிலும் அதைப் போட்டுக் கொடுத்தாய். கூடவே, "பார்க்ல நடக்கறவங்கள்ல ஏழு பேர கூட்டிட்டு வர முடியுமா? ஆனா எதுவும் சொல்லாம கூட்டிட்டு வாங்க, புதுசா பாக்கணும்" என்றாய்.

புதிதாகப் பார்க்கணும் என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நானும் சோதித்தே பிழைத்தவன். ஆனால் ஏழு பேரையும் மனதில் வரிசையாக நிறுத்திப் பார்த்தபோது நான்கு பேராவது உன்னைக் கவிழ்த்துவிடுவார்கள் என்று பட்டது. உனக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையின்போது பதினைந்து நாள் லீவு போட்டு உன் எதிரில் உட்கார்ந்திருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? பிள்ளை பரீட்சையில் விழக்கூடாது என்றால் அப்பன் செய்வது அதுதான், எனக்கு வேறு தெரியாது. சனியும் ஞாயிறும் சாயங்காலம் எல்லோரையும் டீக்கு அழைத்தேன். அட்டையில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் வட்டம் வரைந்து முதலில் அதில் பழக்கினேன், பிறகு என் ஃபோனில். "வெச்ச விரல எடுக்கக் கூடாது. மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுங்க. மூணு முடிஞ்சாத்தான் எடுக்கணும்." மர்பி டவுன் துரையை உனக்குத் தெரியும், லாரி ஷெட்டில் இருந்தவர். "இன்னா சாரே, இந்த வயசுல எங்களுக்குப் பரீட்ச வெக்கற?" என்று சிரித்தார், ஆனால் இருபது தடவை பழகிவிட்டுத்தான் எழுந்தார். ரமணி டீச்சர் நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர், ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்து அதையெல்லாம் எழுதிக்கொண்டார். கடைசியில், "சார், நான் சரியாப் பண்றேனா, ஒரு தரம் பாத்துச் சொல்லுங்க" என்று எல்லோருக்கும் பிறகு தனியாக ஒரு முறை செய்து காட்டினார். நூற்றுக்கு நூறு என்றேன்.

சோதனை நாளன்று நான் உங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒரு சின்ன அறை, ஒரு பெரிய கறுப்புக் கண்ணாடி, அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நீயும் உன் மேலாளரும் உட்கார்ந்து பார்க்கிறீர்கள் என்று துரை வந்து சொன்னார். உள்ளே இருந்த பெண் எல்லோரிடமும் அன்பாகவே சொல்லியிருக்கிறாள்: "நாங்க உங்கள டெஸ்ட் பண்ணல, இந்த ஸ்க்ரீனத்தான் டெஸ்ட் பண்றோம். நீங்க எது செஞ்சாலும் தப்பே கிடையாது." இதை நம்பும் ஒரு ஆள் நம் ஜனத்தில் கிடையாது. எதிரில் ஒரு ஆள் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அது பரீட்சைதான். ஏழு பேரும் விரலை வைத்து வாய்விட்டு எண்ணியிருக்கிறார்கள். மனதுக்குள் எண்ணுங்கள் என்றுதான் நான் சொன்னேன், பயத்தில் வாய்க்கு வந்துவிட்டது. துரை எண்ணிக்கொண்டிருக்கும்போது ஃபோனில் அந்தப் பெண் குரல் வந்ததாம், "நீ சும்மா இரும்மா, எண்ணிகினு இருக்கேன்ல" என்று அதட்டினாராம். கண்ணாடிக்குப் பின்னால் நீங்கள் சிரித்த சத்தம் அவருக்கே கேட்டிருக்கிறது.

அன்று மாலை நீ வீட்டுக்குள் வரும்போதே, "ஏழுக்கு ஏழுப்பா. எல்லாரும் முதல் தடவையிலேயே" என்றாய். என் தோளில் கை போட்டாய். உன் அம்மா போன பிறகு நீ என்னைத் தொட்டது அன்றுதான். அந்தக் கை தோளில் இருந்தபோது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்தக் கையை இழக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். வேறு காரணம் தேடிப்பார்த்தேன், கிடைக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் என்னால் இன்றுவரை நம்ப முடியாதது. நீ எழுதிய ரிப்போர்ட்டைப் பற்றிச் சாப்பிடும்போது பெருமையாகச் சொன்னாய். வயதானவர்கள் அழுத்திப் பிடிக்கும்போது இயல்பாகவே எண்ணுகிறார்கள் என்று ஒரு புது விஷயம் கண்டுபிடித்திருக்கிறீர்களாம். எண்ணுவதால் அவர்களுக்கு அந்தக் குரல் தொந்தரவாக இருக்கிறதாம். அதனால் குரலையும் எடுத்துவிட்டீர்கள், அதிர்வையும் எடுத்துவிட்டீர்கள். உன் மேலாளர் திரை சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினாராம். என் கையில் சோறு அப்படியே நின்றது. தொம்மலூர் சந்தில் ஒரு ஹாலில் ஏழு பேருக்கு நான் சொல்லிக்கொடுத்த ஒண்ணு ரெண்டு மூணு, ஊரிலுள்ள கிழவர்கள் அத்தனை பேருக்கும் பிறவியிலேயே வந்ததாக ஆகிவிட்டது. "அந்தக் குரல் இருந்தா நல்லதுதானேடா" என்று மட்டும் கேட்டேன். "யூசர்ஸே வேணாங்கறாங்கப்பா" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டாய்.

ஏப்ரலில் ஆப் அந்தத் திரையோடு வெளியே வந்தது. ஆகஸ்டில் ஒரு நாள் நீ கேக் வாங்கிக்கொண்டு வந்தாய். தவறான அழைப்புகள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன என்று அலுவலகத்தில் கொண்டாடினார்களாம், மீதியை எனக்குக் கொண்டுவந்திருந்தாய். அழைப்பு குறைந்திருக்கிறது என்றால் சட்டைப் பையிலிருந்து போன அழைப்பு மட்டும்தான் குறைந்ததா, இல்லை விரலை மூன்று நொடி வைக்க முடியாதவர்களுடையதும் அதில் சேர்ந்து போய்விட்டதா, இதை எப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. அழைக்காத ஆள் நன்றாக இருக்கிறான் என்று யார் சொன்னது? உன் அம்மாவும் அன்று யாரையும் அழைக்கவில்லை. ஆனால் நீ தட்டை நீட்டினாய், நான் வாங்கித் தின்றேன்.

நான் இப்படி வாயை மூடிக்கொண்டது அது முதல் தடவை இல்லை. நீ பிறந்த வருடம் தொழிற்சாலையில் பாய்லருக்கு மாட்டும், அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜ்கள் ஒரு பெட்டி என் மேஜைக்கு வந்தன. அதில் நான்கில் முள் பாதி ஏறி ஒட்டிக்கொண்டது. தட்டினால் ஏறியது. மார்ச் கடைசி, வண்டி வெளியே நிற்கிறது. எங்கள் சூப்பர்வைசர் வந்து கன்னடத்தில், "தட்டிதரெ ஹோகுத்தல்லா, களிசி பிடி" என்றார். தட்டினால் போகிறதே, அனுப்பிவிடு. நான் கையெழுத்துப் போட்டேன். பாய்லர் பக்கத்தில் நிற்கிறவனுக்கு முள்ளைத் தட்டிப் பார்க்கத் தோன்றுமா என்று எனக்குத் தெரியும், தோன்றாது. அந்த நான்கும் எந்த ஊருக்குப் போயின, யார் எதிரில் மாட்டப்பட்டன, இன்றுவரை தெரியாது. ஒன்றும் நடக்காமலே இருந்திருக்கலாம். ஆனால் பேப்பரில் எந்த மூலையில் பாய்லர் வெடித்த செய்தி வந்தாலும் நான் இரண்டு தடவை படிக்கிறேன். சிறு வயதில் நீயே கேட்டிருக்கிறாய், "ஏம்பா அந்தப் பக்கத்தையே பாத்துகிட்டு இருக்கீங்க?" என்று. முப்பது வருடமாக அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. இப்போது அந்தப் பழக்கம் உனக்கு வரப்போகிறதோ என்றுதான் எனக்குத் தூக்கம் போகிறது.

போன வியாழக்கிழமை காலை பதினொரு மணி வாக்கில் ரமணி டீச்சர் குளியலறையில் விழுந்தார். ஃபோன் நைட்டிப் பையில் இருந்தது, நீ சொன்னபடி எப்போதும் கூடவே வைத்திருப்பார். நாலு மணிக்குப் பாத்திரம் கழுவ வந்த பெண் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு ஆளைக் கூட்டியிருக்கிறாள். ஆபரேஷன் முடிந்து திங்கட்கிழமைதான் என்னை உள்ளே விட்டார்கள். காய்ச்சல் இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். "படுங்க டீச்சர்" என்றேன். "சார், நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியேதான் பண்ணேன். ஒண்ணு வருது, ரெண்டு வருது, மூணு வரதுக்குள்ள வலி வந்து விரல் எடுத்துடுது. திரும்ப முதல்லேருந்து எண்ணுவேன். திரும்பவும் அப்படியே ஆயிடும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு என் கையைப் பிடித்தார். "உங்க பையன்கிட்ட சொல்லாதீங்க சார். அன்னிக்கு அவ்ளோ பாராட்டினாரு. நான் சரியாப் பண்ணலன்னு தெரிஞ்சா வருத்தப்படுவாரு."

ஐந்து மணி நேரம் ஈரத் தரையில் கிடந்துவிட்டு அந்த அம்மாள் தான் பரீட்சையில் தோற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்த எண்ணத்தை அவர் தலைக்குள் வைத்தவன் நான்.

அன்று மாலை உன்னிடம், "டீச்சர் ஆப்ப அழுத்தினாங்களாம்டா, போகலியாம்" என்றேன். நீ லேப்டாப்பைத் திறந்து ஏதோ தேடினாய். காபியோடு உன் தோளுக்குப் பின்னால் நின்றேன். எனக்குக் கண் நன்றாகத் தெரியும், முள் பார்த்துப் பழகிய கண். வியாழக்கிழமை பதினொன்று பன்னிரண்டிலிருந்து வரிசையாக வரிகள். ஒரு நொடி. ஒன்றரை நொடி. இரண்டு நொடி. ஒரு நொடி. நீ நகர்த்த நகர்த்த வந்துகொண்டே இருந்தன. நான் நாற்பது வரை எண்ணி விட்டுவிட்டேன். ஒவ்வொரு வரியின் கடைசியிலும், தவிர்க்கப்பட்ட தவறான அழைப்பு என்று ஆங்கிலத்தில் ஒரே மாதிரி போட்டிருந்தது. அதற்குக் கீழே வேறு ஃபோன்கள். பெயர் இல்லை, எண்கள் மட்டும், அவற்றின் பக்கத்தில் ஊர்: ஓசூர், மைசூரு, சேலம். அங்கேயும் ஒரு நொடி, ஒரு நொடி, இரண்டு நொடி. நீ அந்த இடத்தில் கொஞ்சம் நின்றாய். பிறகு லேப்டாப்பை மூடிவிட்டு, "நெட்வொர்க் ப்ராப்ளம்பா" என்றாய்.

முள்ளைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்க்கும் முகம் எனக்குத் தெரியும். அதை நான் தினமும் கண்ணாடியில் பார்த்துச் சவரம் செய்திருக்கிறேன். இப்போதாவது என் தப்பைச் சொன்னால் உனக்கு ஒரு வழி கிடைக்கும் என்று நினைத்து, "அந்த டெஸ்ட்டப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். நீ கையை உயர்த்தினாய். "வேணாம்பா. இப்ப எதையும் சொல்லாதீங்க. சொன்னீங்கன்னா எனக்குத் தெரிஞ்ச மாதிரி ஆயிடும். அங்க போய் ரிலீஸ் முடியட்டும், அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்." எழுந்து உன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். அந்தக் கதவின் எதிரில் காபி ஆறும்வரை நின்றுகொண்டிருந்தேன். உன்னைக் கண்டு எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

செவ்வாயும் புதனும் நீ அலுவலகம் போன பிறகு, ஜனவரியிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஒரு பொருளை மேஜைமேல் வைத்துப் பார்த்துப் பயனில்லை, அது கெடும் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு நானே சொல்வேன். மாடிப்படி நான்கு முறை ஏறி இறங்கி, மூச்சு இரைக்கும்போது அழுத்தினேன். இரண்டு முறை போயிற்று, மூன்று முறை போகவில்லை. கையை நனைத்துக்கொண்டு அழுத்தினேன், ஒரு முறையும் போகவில்லை. பிறகு குளியலறைத் தரையில் ஒருக்களித்துப் படுத்து, வலது கையை உடம்புக்கு அடியில் வைத்துக்கொண்டு, இடது கட்டைவிரலால் அழுத்தினேன். திரை என் முகத்துக்கு நேராக இருந்தது, நல்ல சிவப்பு, சுத்தமாக இருந்தது. விரலுக்கு அடியில் எதுவும் அதிரவில்லை, எதுவும் பேசவில்லை, பிடித்திருக்கிறதா விட்டுவிட்டதா என்று தெரியவே இல்லை. மூன்று வரை எண்ணச் சொன்ன ஆள் நான், எனக்கு ஒன்றும் உடையவில்லை, வலியும் இல்லை. பத்து முறையில் ஒரு முறை போயிற்று. முந்தின இரண்டு முறை போலவே உங்கள் ஆட்கள் பேசியபோது, "தெரியாம பட்டுடுச்சும்மா" என்று சொல்லி வைத்தேன். அந்த ஒன்றையும் நீங்கள் தவறான அழைப்பில்தான் சேர்த்திருப்பீர்கள். நீ ஞாயிற்றுக்கிழமை போவது இதே திரையை இன்னும் நான்கு தேசத்துக்குக் கொடுப்பதற்காக. என்னைத் தனியாக விட்டுப் போவதும் இதை நம்பித்தான்.

உன்னிடம் இனி அறிவுரை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் அப்பன் என்பதால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எங்களைப் போன்றவர்களிடம் எப்படி இருக்கிறது என்று கேட்காதே, நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வோம். பிள்ளை வயதில் இருக்கும் ஒருவன் பாடுபட்டுச் செய்திருக்கிறான், அவன் முகம் வாடக்கூடாது என்று பொய் சொல்வோம், பயிற்சி எடுத்துக்கொண்டு வந்துகூடப் பொய் சொல்வோம். எங்கள் வாயைப் பார்க்காதே, கையைப் பார். ஏழுக்கு ஏழு என்று வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் எட்டாவது ஆளாகத் தெருவில் போகும் யாரையாவது கூப்பிடு. உன் அம்மாவின் "ஒண்ணுமில்ல"வை நாம் நம்பினோமே, அந்தத் தப்பைத் திருத்தத்தான் நீ இந்த வேலைக்குப் போனாய். அந்த நாற்பது வரிகளும் அவள் சொன்ன "ஒண்ணுமில்ல" மாதிரிதான் எனக்குத் தெரிந்தன. உனக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும், இல்லாவிட்டால் நீ அந்த இடத்தில் நின்றிருக்க மாட்டாய்.

இன்று காலை ஒன்பது மணிக்கு உன் மேலாளருக்கு ஆங்கிலத்தில் ஒரு மெயில் அனுப்பிவிட்டேன். அவர் முகவரி, சோதனை அன்று எல்லோருக்கும் கொடுத்த தாளின் அடியில் இருந்தது. ஏழு பேருக்கும் நான்தான் பயிற்சி கொடுத்தேன், எண்ணச் சொன்னது நான், என் மகனுக்கு இது தெரியாது, டீச்சர் விழுந்த நாளின் பதிவுகளை எடுத்துப் பாருங்கள் என்று எழுதினேன். திங்கட்கிழமை நீ பார்த்ததை எழுதவில்லை. என் பொய்யில் உனக்கும் பங்கு என்ற பழி உனக்கு வேண்டாம், உனக்காக உண்மையை நான் சொன்னேன் என்ற சௌகரியமும் வேண்டாம். அந்த ஒரு வரியை உனக்கு விட்டு வைத்திருக்கிறேன். அதைச் சொன்னால் உன் வேலை போகலாம், ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் வீணாகலாம். சொல்லாவிட்டால் நீ போவாய், நன்றாகவும் இருப்பாய். பேர் தெரியாத அந்த எண்கள் மட்டும் உன்னோடு வரும். அதோடு எப்படி வாழ்வது என்று என்னிடம் கேட்காதே, முப்பது வருடமாக நானும் கற்றுக்கொள்ளவில்லை.

பத்தரை மணியிலிருந்து ஃபோனில் உன் பெயர் வந்துகொண்டிருந்தது. எடுக்கவில்லை. எடுத்தால் நீ "ஏம்பா இப்படிப் பண்ணீங்க?" என்பாய், நான் இளகி, "ஏதோ வயசான கொழப்பத்துல எழுதிட்டேன்னு சொல்லிடறேன்டா" என்று சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். பதினொன்றரைக்கு மேல் நீ கூப்பிடவில்லை. அந்த அமைதியில்தான் மேலே உள்ள இரண்டு பத்திகளை எழுதினேன்.

இப்போது துரை ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். டீச்சரைக் காலையிலேயே ஐசியுவுக்கு மாற்றிவிட்டார்களாம், நினைவு இல்லையாம், டாக்டர் எதுவும் பிடிகொடுத்துப் பேசவில்லையாம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சாரே, உன் பையன் வந்துகிறான். டீச்சருக்கு இன்னாவோ சொல்லணுமாம், தப்பு அவங்களுது இல்லன்னு சொல்லணுமாம். நர்ஸ் உள்ள விட மாட்டேன்றா. ஒரு மணி நேரமா வாசல்லயே நின்னுகினு கீறான்" என்றார்.

கடிதத்தை இங்கே நிறுத்துகிறேன். ஆட்டோ பிடித்து வருகிறேன், அரை மணி ஆகும். அதுவரை அந்த வாசலை விட்டுப் போகாதே.